கண்ணாடி கறுக்கிறது, நடுராத்திரியில் அணைகிறது: பெல்லட் அடுப்பை வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவாவுக்குப் பக்கத்தில், 1978-இல் கட்டிய வீடு ஒன்றைச் சென்ற கோடையில் வாங்கினோம். இரண்டு மாடி, 1,800 சதுர அடி. எண்ணெய் பாய்லரும் சுவரோரம் ஓடும் சுடுநீர்க் குழாய்களும் இருக்கின்றன. வருடத்துக்கு 750 கேலன் எண்ணெய் ஆகும் என்றார் முன்பிருந்தவர். அவர் ஹாலில் ஒரு பெல்லட் அடுப்பையும் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்குவது) விட்டுப்போயிருக்கிறார். வயது 15 இருக்கும். செலவு குறையுமே என்று இந்தக் குளிர்காலம் அதைத்தான் ஓட்டினோம். காலையில் துடைத்த கண்ணாடி சாயங்காலத்துக்குள் கரியாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடியற்காலையில் அணைந்துபோகிறது. ஜனவரியில் கரண்ட் போனபோது வீடெல்லாம் புகை. அடுப்பின் குழாய் சுவரைத் துளைத்து நேராக வெளியே போகிறது, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் இருக்கும். வந்து பார்த்த டெக்னீஷியன் கன்ட்ரோல் போர்டை மாற்றச் சொல்கிறார். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். மாடி அறைகள் ஜில்லென்றே இருக்கின்றன. இதை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போடலாமா? வைத்துக்கொண்டால் அடுத்த வருடத்துக்கு எத்தனை டன் பெல்லட் வாங்க வேண்டும்? இன்னொன்று: இந்தச் சாம்பலைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடலாமா?

பதில்: தூக்கிப் போட வேண்டாம். போர்டையும் இப்போது மாற்ற வேண்டாம். கண்ணாடி கறுப்பதும், விடியற்காலையில் அணைவதும், கரண்ட் போனதும் புகை வந்ததும் மூன்றுமே காற்று போகும் வழி சம்பந்தப்பட்டவை. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் சாம்பல் அடைப்புதான் காரணமாக இருக்கும். மூன்றாவது, புகைக்குழாயைப் போட்டிருக்கும் விதத்தால் வருவது. போர்டு கெட்டுப்போன அடுப்பு வாரத்தில் நாலு நாள் ஒழுங்காக ஓடி மூன்று நாள் மட்டும் அணைவது அபூர்வம்.

அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மேலே இருக்கும் ஹாப்பர் என்ற தொட்டியிலிருந்து ஆகர் என்ற திருகு, பெல்லட்டை விட்டுவிட்டுத் தள்ளி, பர்ன் பாட் எனும் இரும்புக் கிண்ணத்தில் போடுகிறது. கிண்ணத்தின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் இருக்கும். எக்ஸாஸ்ட் பிளோயர் புகையை வெளியே இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்று மேலே வந்து தீயை ஊதுகிறது. இன்னொரு மின்விசிறி அறைக் காற்றை அடுப்புக்குள் இருக்கும் வெப்பக் குழாய்கள் வழியாக ஓட்டி ஹாலுக்குள் விடுகிறது. இந்த இரண்டாவது காற்றும் முதல் காற்றும் எங்கேயும் கலக்கக் கூடாது. பிளோயர் இழுக்கும் காற்று கிண்ணத்தின் துளை வழியாக வராமல் வேறு எங்கிருந்தாவது வந்தாலோ, வழியில் சாம்பல் அடைத்துக்கொண்டாலோ தீ மூச்சுத் திணறும். கண்ணாடியில் படிகிற கரி அதன் அடையாளம்.

தீயைப் பாருங்கள். சரியாக எரியும் தீ குட்டையாக, வெளிர் மஞ்சளாக, துடிப்பாக இருக்கும். கிண்ணத்தில் தணல் துள்ளும். உங்கள் வீட்டில் அது உயரமாக, ஆரஞ்சு நிறத்தில், நுனி கறுத்து, சோம்பலாக ஆடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் ஒரு நாளில் லேசான சாம்பல் நிறப் படலம் வந்தால் அது இயல்பு. மசிக் கறுப்பு வந்தால் காற்றுப் பற்றாக்குறை.

அடுப்பு முழுக்க ஆறியபின், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இந்த வரிசையில் செய்யுங்கள். கிண்ணத்தை வெளியே எடுத்து ஒவ்வொரு துளையையும் துளைக்குச் சரியான அளவு டிரில் பிட்டைக் கையால் திருகியோ, ஆணியாலோ குத்தித் திறவுங்கள். அது உட்காரும் இடத்தில் சாம்பல் இருந்தால் கிண்ணம் சாய்ந்து உட்கார்ந்து பக்கவாட்டில் காற்றை விட்டுவிடும், அங்கேயும் சுரண்டுங்கள். அடுத்தது, பெரும்பாலானோர் திறந்தே பார்க்காத இடம்: தீ எரியும் அறையின் பின்சுவரில் செங்கல் மாதிரி ஒரு தகடு இருக்கும். அதைக் கழற்றினால் வெப்பக் குழாய்களின் பின்பக்கமும், கீழே இரண்டு பக்கமும் சாம்பல் பொறிகளும் (ஆஷ் டிராப் எனும் சாம்பல் தேங்கும் குழிகள்) தெரியும். சிறிய மூடிகள், ஒன்றிரண்டு ஸ்க்ரூ போட்டிருக்கும். பல வருடமாகத் திறக்காத அடுப்பில் அந்தப் பாதை முக்கால்வாசி மூடியிருக்கும். பிறகு எக்ஸாஸ்ட் பிளோயரைக் கழற்றி அதன் இறக்கைகளில் ஒட்டியதைப் பெயின்ட் பிரஷால் தட்டிவிடுங்கள். அதற்கு ஒரு கேஸ்கட் (காற்று கசியாமல் அடைக்கும் பட்டை) உண்டு. கழற்றினால் புதிதாகத்தான் போட வேண்டும், முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் புகைக்குழாய்: மூன்று அங்குலக் குழாய்க்கு மூன்று அங்குல நைலான் பிரஷ், நீளும் கம்பியோடு கிடைக்கும்.

இதற்கு வீட்டு வேக்குவம் கிளீனரைத் தொடாதீர்கள். பெல்லட் சாம்பல் மாவு மாதிரி நைசானது, சாதாரண ஃபில்டர் வழியாக வெளியே வந்து வீடு முழுக்கப் படியும். அதைவிட ஆபத்து, உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு தணல் துண்டு தூசிப் பையைப் பற்றவைத்துவிடும். உலோக உடம்புள்ள ஆஷ் வேக்குவம் தனியாக விற்கிறது. அதில்கூட சூடான சாம்பலை இழுக்கக் கூடாது. எடுத்த சாம்பல் மூடிபோட்ட தகர வாளியில், வீட்டை விட்டுத் தள்ளி, சிமென்ட் தரையிலோ மண்ணிலோ இருக்கட்டும். மர டெக்கின் மேல் வைக்காதீர்கள். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும்.

சீசன் முடிந்தபின் இந்த ஊர்க்காரர்கள் இலை ஊதும் மெஷினின் உறிஞ்சும் வாயைப் புகைக்குழாயின் வெளி முனையில் பொருத்தி, இடைவெளியைத் துணியால் அடைத்து, உள்ளே ஒருவர் தட்டிக்கொண்டிருக்க, அடுப்பு முழுவதையும் ஒரே இழுப்பில் காலி செய்வார்கள். விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும் நன்றாகவே வேலை செய்யும். அந்த நேரத்தில் வேக்குவம் சுவிட்சின் (உள்ளே இழுவிசை இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச்) சிறு ரப்பர் குழாயைக் கழற்றி வைத்துவிட வேண்டும், அடுப்பு பச்சைத் தண்ணீர் மாதிரி ஆறியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக் கார் காற்று போகும் திசையில் நிற்கக் கூடாது.

சுத்தம் செய்தும் தீ சோம்பலாகவே இருந்தால் கதவைச் சோதியுங்கள். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும், பல இடங்களில் பாருங்கள். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே கேஸ்கட் கயிறு செத்துவிட்டது. பிளோயர் இழுக்கும் மொத்தக் காற்றின் அளவு மாறாது. கதவு வழியாகப் புகுந்த பங்கு கிண்ணத்துக்குப் போகாது. பழைய கயிற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே தடிமனில் கண்ணாடி நாரால் ஆன புதுக் கயிற்றை, அதற்கான பசை வைத்து ஒட்டுங்கள். ஒட்டும்போது கயிற்றை இழுத்து நீட்டக் கூடாது, நீட்டினால் மெலிந்து மறுபடி கசியும். ஆனால் கண்ணாடிக்கு மேலேயோ கீழேயோ கேஸ்கட்டில் சிறு இடைவெளி விட்டிருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். கண்ணாடியின் உள்பக்கம் காற்றுத் திரை போல இறங்க வேண்டும் என்று கம்பெனியே பல மாடல்களில் வைத்தது அது. நல்ல மனதோடு அதை அடைத்துவிட்டுக் கண்ணாடி இன்னும் கறுக்கிறதே என்று தவிப்பவர்கள் உண்டு.

இனி விடியற்காலை அணைவது. அணைந்த அடுப்பை உடனே திரும்ப மூட்டாதீர்கள். கதவைத் திறந்து கிண்ணத்தைப் பாருங்கள்; என்ன நடந்தது என்று அதுவே சொல்லும்.

கிண்ணம் காலி, ஹாப்பரில் பெல்லட் இருக்கிறது என்றால் பெல்லட் கீழே வரவில்லை. ஹாப்பரின் மூலையில் மரத்தூள் படிந்து, பெல்லட் ஒன்றோடொன்று சிக்கிப் பாலம் போட்டு நிற்கலாம். நடுவில் குழி விழுந்து பக்கங்கள் நிற்கும். ஆகரில் நீளமான பெல்லட் ஒன்று குறுக்கே மாட்டியிருக்கலாம். அல்லது வேக்குவம் சுவிட்ச் ஆகரை நிறுத்தியிருக்கலாம். உள்ளே போதுமான இழுவிசை இல்லையென்றால் எரிபொருள் போடாதே என்று தடுப்பதுதான் அதன் வேலை. குழாய் அடைப்பு, கதவு சரியாக மூடாதது, வெளிமுனையில் பனி குவிந்தது, எதிர்க்காற்று எல்லாமே அதைத் தூண்டும். அதன் ரப்பர் குழாயைச் சுவிட்சிலிருந்து கழற்றி, அடுப்புப் பக்கத் துளையை ஒரு பேப்பர் கிளிப்பால் குத்திப் பாருங்கள். சாம்பல் அடைத்திருப்பது சகஜம். சுவிட்சுக்குள் வாயால் ஊத வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு கிழியும். எந்தக் காரணத்துக்காகவும் இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி அந்தச் சுவிட்சைத் தாண்டி ஓட்டாதீர்கள். அப்படிச் செய்து காட்டும் டெக்னீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கிண்ணத்தில் பாதி எரிந்த கறுப்புப் பெல்லட்டும், நடுவில் கல் மாதிரி இறுகிய கட்டியும் இருந்தால் அது கிளிங்கர். பெல்லட்டில் மரப்பட்டையோ மண்ணோ அதிகம் கலந்திருந்தால் சாம்பல் உருகிக் கண்ணாடிக் கட்டியாகி துளைகளை மூடும். தீ சுருங்கும், வெளியேறும் புகையின் சூடு குறையும். தீ இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், இல்லை என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் விடியற்காலையில் என்று நீங்கள் சொல்வதால் எனக்கு இதன் மேல்தான் முதல் சந்தேகம். சாயங்காலம் சேரத் தொடங்கும் கட்டி ஏழெட்டு மணி நேரத்தில் கிண்ணத்தை நிரப்பும். படுக்கப்போகும் முன் நிறுத்தி, ஆறியபின் கிண்ணத்தைச் சுரண்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், வேறு பிராண்டில் ஐந்து பை வாங்கியும் ஓட்டிப் பாருங்கள். இரண்டில் ஒன்று தீர்த்துவிடும். இரவெல்லாம் ஆகக் குறைந்த நிலையில் ஓட்டினாலும் இப்படி அணையும். ஒரு படி ஏற்றி வையுங்கள்.

மூன்றாவது, கிண்ணம் நிறைய எரியாத பெல்லட் குவிந்திருப்பது. தெர்மோஸ்டாட் அடுப்பை நிறுத்தி, பிறகு மறுபடி மூட்டச் சொல்லியிருக்கிறது, ஆனால் இக்னைட்டர் பற்றவைக்கவில்லை என்று பொருள். இக்னைட்டர் தேய்ந்துபோகும் சாமான். அதன் வாயில் சாம்பல் மூடினாலும் இதே கதைதான். இந்தக் குவியலோடு மறுபடி ஸ்டார்ட் செய்வதுதான் பெல்லட் அடுப்பில் ஆகப் பெரிய தவறு. அத்தனையும் ஒரே நேரத்தில் புகைந்து, புகைவாயு நிரம்பி, தீப்பொறி கண்டவுடன் குபீரென்று வெடித்துப் பிடிக்கும். கதவுக் கண்ணாடி உடைந்ததும் உண்டு. முழுவதையும் அள்ளி வெளியே எடுத்தபின்தான் மூட்ட வேண்டும். புகை மட்டும் நிரம்பித் தீ தெரியாமல் இருக்கிறது என்றால் கதவைத் திறக்கவே கூடாது. பிளோயர் ஓடி முடிக்கட்டும்.

இதில் உங்கள் சமையலறைக்கும் பங்கு இருக்கலாம். தாளிக்கும் நெடி போக வேண்டும் என்று நம் வீடுகளில் பெரிய ஹூட் போட்டுவிடுகிறோம். நிமிடத்துக்கு 600 கன அடி காற்றை வெளியே தள்ளும் ஹூட் ஓடும்போது, குளிர்காலத்தில் எல்லா ஜன்னலும் மூடிய வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைகிறது. அடுப்பு எந்த அறையிலிருந்து காற்று எடுக்கிறதோ அந்த அறையே காற்றுக்குத் தவிக்கும். துணி உலர்த்தும் மெஷினும் குளியலறை ஃபேனும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஹூட் ஓடும்போது தீ சோம்புகிறதா என்று கவனியுங்கள். ஆமென்றால், அடுப்புக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே தனிக் குழாயில் கொண்டுவரும் அவுட்சைட் ஏர் கிட்டைப் போடுங்கள். உலோகக் குழாய், பூச்சி புகாமல் வலை, சுவரில் ஒரு துளை, அவ்வளவுதான் சாமான்.

புகைக்குழாய் விஷயத்தில் மட்டும் உங்களுக்குச் செலவு இருக்கிறது. விறகடுப்பின் சிம்னியில் சூடான புகை தானாக மேலே ஏறும். பெல்லட் அடுப்பில் பிளோயர் தள்ளுவதால்தான் போகிறது. குழாய் நேராகச் சுவரைத் துளைத்துப் படுக்கையாக வெளியே போனால் அதில் ஏற்றமே இல்லை. கரண்ட் போன நிமிடம் புகை வெளியே போவது நின்றுவிடும். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் கைப்பிடி பெல்லட் புகைந்துகொண்டே இருக்கும், அந்தப் புகை ஹாலுக்குத்தான் வரும். மூன்றிலிருந்து ஐந்து அடி வரை செங்குத்தாக ஏற்றி, அடியில் திறந்து சுத்தம் செய்யும் மூடி வைத்த டீ (T வடிவ இணைப்பு) போட்டு, பிறகு வெளியே விட்டால், பிளோயர் நின்றாலும் சூடே புகையை ஏற்றிக்கொண்டு போகும். தரையிலிருந்து ஒன்றரை அடி என்பது கோடையில் பார்த்தால் சரி, உங்கள் ஊர்ப் பனியில் ஒரே புயலில் மூடிவிடும். வெளிமுனை வழக்கமான பனி உயரத்துக்கு மேல் குறைந்தது ஓர் அடி இருக்க வேண்டும். திறக்கக்கூடிய ஜன்னல், கதவுக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ நான்கு அடி தள்ளியிருக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுதான் சட்டம்.

குழாய், பெல்லட்டுக்கென்றே வரும் இரட்டைச் சுவருள்ள எல் வகைக் குழாயாக இருக்க வேண்டும். டிரையர் குழாயும் சாதாரண ஜிங்க் தகடும் கூடாது. மரம் போன்ற தீப்பிடிக்கக்கூடிய பொருளிலிருந்து பெரும்பாலும் மூன்று அங்குல இடைவெளி கேட்பார்கள், குழாயில் அச்சிட்டிருக்கும். பிளோயர் உள்ளிருந்து தள்ளுவதால் இணைப்பில் சந்து இருந்தால் புகை வீட்டுக்குள்ளேயே கசியும்; கம்பெனி சொன்ன இடங்களில் அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கான் வைக்க வேண்டும். ஒவ்வொரு முழங்கை வளைவும் ஐந்து அடி குழாய்க்குச் சமமான தடை என்று கணக்குப் போடுவார்கள். மொத்தக் கணக்கு 15 அடியைத் தாண்டினால் மூன்றுக்குப் பதில் நான்கு அங்குலக் குழாய். வேலையை ஊர் அனுமதியோடு செய்து, தீயணைப்புத் துறையிலோ கட்டட ஆய்வாளரிடமோ பரிசோதனை வாங்குங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அடுப்பு இருப்பதைத் தெரிவியுங்கள். சொல்லாமல் வைத்திருந்து தீப்பிடித்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

குழாயை ஏற்றினாலும் கரண்ட் இல்லாமல் அடுப்பு ஓடாது. ஓடும்போது சுமார் 100 வாட், மூட்டும் சில நிமிடங்களுக்கு 300 முதல் 400 வாட் வரை இழுக்கும். எண்ணெய் பாய்லர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதன் பர்னருக்கும் பம்புக்கும் கரண்ட் வேண்டும். 2008 டிசம்பர் பனிக்கட்டிப் புயலில் நியூ ஹாம்ப்ஷயரின் சில ஊர்களுக்கு இரண்டு வாரம் வரை மின்சாரம் வரவில்லை. முதல் பாதுகாப்புக்குச் சிறிய யூபிஎஸ் போதும். அடுப்பு முறையாக அணைந்து புகையை வெளியேற்றும் வரை பிளோயரை ஓட்டும். சில மணி நேரம் சூடும் வேண்டுமென்றால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும் இன்வெர்ட்டரும். லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் உபயோகிக்கலாம் என்பதால் சுமார் ஐந்து மணி நேரம், லித்தியம் என்றால் பத்து மணி நேரம். இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோ சுத்த சைன் அலை தருவதாக இருக்க வேண்டும். மலிவானதில் மோட்டார் உறுமும், உங்கள் டெக்னீஷியன் சொன்ன போர்டு அப்போது நிஜமாகவே போய்விடும். நாள்கணக்குக்கு ஜெனரேட்டர்தான், அது வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி நிற்க வேண்டும். கராஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஓட்டுவதும் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, அடுப்பைவிட இது உங்களுக்குப் பெரிய நஷ்டம் வைக்கும். பாய்லரின் தெர்மோஸ்டாட் ஹாலில்தானே இருக்கிறது? பெல்லட் அடுப்பு ஹாலை 72 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்திருந்தால் பாய்லர் தன்னைக் கூப்பிடவே இல்லை என்று சும்மா இருக்கும். வெளிச் சுவர் ஓரம் போகும் சுடுநீர்க் குழாய்களிலும், அடித்தளத்தில் வடக்கு மூலையில் போகும் குடிநீர்க் குழாயிலும் தண்ணீர் அசையாமல் நிற்கும். பூஜ்யம் ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் ஓர் இரவில் உறைந்து வெடிக்கும். பெல்லட் அடுப்பு வைத்திருக்கும் வீடுகளில் குழாய் வெடிப்புக்கு இது ஒரு வழக்கமான காரணம். மாடிக்குத் தனி மண்டலம் (தனி தெர்மோஸ்டாட்டோடு ஓடும் தனிக் குழாய்ச் சுற்று) இருந்தால் அதன் தெர்மோஸ்டாட்டை 62-இல் வையுங்கள். மாடி ஜில்லென்று இருக்கும் குறையும் அதோடு தீரும். வீடு முழுக்க ஒரே மண்டலம் என்றால், தெர்மோஸ்டாட்டோடு இணைத்து, சில மணிக்கு ஒருமுறை பாய்லரைச் சில நிமிடம் ஓடவைக்கும் டைமர் போட்டுக்கொள்ளலாம். வெளியே 10 டிகிரிக்குக் கீழே (மைனஸ் 12 செல்சியஸ்) போகும் இரவுகளில் அடுப்பைக் குறைத்துவிட்டு பாய்லரையே நம்புங்கள்.

மாடிக்குச் சூடு போக, ஹாலிலிருந்து சூடான காற்றை மேலே ஊதப் பார்க்கிறார்கள் பலர். மாற்றிச் செய்யுங்கள். குளிர்ந்த அறை வாசலில் தரையோரம் ஒரு சிறு ஃபேனை வைத்து, அங்குள்ள குளிர்காற்றை அடுப்பை நோக்கித் தள்ளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, சுலபமாக நகரும். அது விட்ட இடத்துக்குச் சூடான காற்று உத்தரத்தை ஒட்டி வந்து சேரும். அப்படியும் பெல்லட் அடுப்பு ஒரு ஹாலையும் அதை ஒட்டிய அறைகளையும்தான் முழுமையாகச் சூடாக்கும். அப்பா அம்மாவின் படுக்கையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவருவது எந்த ஃபேனைவிடவும் பலன் தரும்.

குழந்தைக்கு: கதவுக் கண்ணாடி தொட்ட நொடியில் தோலைப் பொசுக்கும் சூட்டில் இருக்கும். சுவரில் திருகி மாட்டும் தடுப்புக் கம்பிவேலி வாங்குங்கள். தள்ளினால் நகரும் வகை வேண்டாம். அடுப்பு இருக்கும் தளத்திலும் படுக்கையறைகளுக்கு வெளியேயும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் இருக்க வேண்டும்.

எத்தனை டன் என்ற கணக்கு சுலபம். ஒரு அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, 40 பவுண்டுப் பை ஐம்பது. ஒரு பவுண்டு பெல்லட்டில் சுமார் 8,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) இருக்கிறது; அடுப்பின் இழப்பையும் பாய்லரின் இழப்பையும் கழித்துப் பார்த்தால் ஒரு டன் பெல்லட் ஏறக்குறைய 110 கேலன் எண்ணெய்க்குச் சமம். உங்கள் 750 கேலனில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும் வெந்நீருக்கு 150 போனதென்று வைத்தால் வீட்டைச் சூடாக்க 600. அதில் 60 சதவீதத்தை அடுப்பு பார்த்துக்கொண்டால் 360 கேலன், அதாவது மூன்றே கால் டன். மூன்று டன் வாங்குங்கள். குறைந்தால் பிப்ரவரியில் பைகளாக வாங்கிக்கொள்ளலாம்.

லாபமா என்பதற்கும் அதே எண்தான். எண்ணெயின் கேலன் விலையை 110-ஆல் பெருக்குங்கள். டன் பெல்லட் அதைவிட மலிவாக இருந்தால்தான் மிச்சம். எண்ணெய் 3.50 டாலர் என்றால் 385. பெல்லட் 330-க்குக் கிடைத்தால் டன்னுக்கு 55 டாலர், மூன்று டன்னுக்கு 165. எண்ணெய் 2.75-க்கு இறங்கினால் 302. அந்த வருடம் பெல்லட் எரிப்பது நஷ்டம். இதில் அடுப்பு இழுக்கும் கரண்ட்டைச் சேர்க்கவில்லை. 100 வாட் வீதம் நாள் முழுதும் ஐந்து மாதம் ஓடினால் 360 யூனிட். இப்போது இருப்பதை ரிப்பேர் செய்து ஓட்டச் சொல்வதும் இதனால்தான். கேஸ்கட்டும் இக்னைட்டரும் சேர்ந்து நூறு நூற்றைம்பது டாலரில் முடியும், புது அடுப்பு ஆயிரக்கணக்கில். 2020 மே மாதத்துக்குப் பின் விற்கப்படும் அடுப்புகள் மணிக்கு 2 கிராம் புகைத்துகள் என்ற மத்திய வரம்புக்குள் இருப்பதால் சுத்தமாக எரியும் என்பது உண்மை. ஆனால் வாங்கியதற்குக் கிடைத்த 30 சதவீத மத்திய வரிச்சலுகை 2025 டிசம்பர் 31-க்குப் பின் நிறுவியவற்றுக்குக் கிடையாது.

பெல்லட் வாங்கும்போது பையில் பிஎஃப்ஐ (பெல்லட் தரத்தை நிர்ணயிக்கும் அமெரிக்க அமைப்பு) பிரீமியம் முத்திரையைத் தேடுங்கள். சாம்பல் 1 சதவீதத்துக்குள் இருக்கும். ஹார்ட்வுட்தான் உசத்தி, பைன் மரமென்றால் குழாயில் தார் படியும் என்று நியூ இங்கிலாந்தில் (நியூ ஹாம்ப்ஷயர் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்கள்) ஒரு நம்பிக்கை. காய்ந்து அழுத்திய பெல்லட்டுக்கு அது பொருந்தாது. சாஃப்ட்வுட் பெல்லட்டில் பெரும்பாலும் சாம்பல் குறைவு, சூடும் சற்றுக் கூடுதல். பையின் அடியைப் பாருங்கள், தூள் கைப்பிடிக்கு மேல் இருந்தால் வேண்டாம். ஈரம்தான் பெரிய எதிரி: நனைந்த பெல்லட் ஊதி மரத்தூளாகி ஆகருக்குள் சிமென்ட் போல இறுகும். பைகளில் காற்றுப்போக ஊசித்துளை இருப்பதால் வெளியே தார்ப்பாய் போட்டு மூடினாலும் நனையும். கராஜில் வையுங்கள், மரத்தட்டின் மேல். மர டெக்கில் ஏற்ற வேண்டாம். 40-க்கு 48 அங்குலத் தட்டில் ஒரு டன் என்றால் சதுர அடிக்கு 150 பவுண்டு. வீட்டு டெக்குகள் பெரும்பாலும் 40 பவுண்டுக்குக் கட்டியவை. மொத்தமாகக் கொட்டிச் சேமிக்கும் மூடிய அறைகளில் பெல்லட்டே கார்பன் மோனாக்சைடு விடும், ஐரோப்பாவில் அதனால் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன. காற்றோட்டமுள்ள கராஜில் பைகளாக வைப்பதில் அந்தப் பயமில்லை.

பராமரிப்பை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: கிண்ணத்தைத் தினம் சுரண்டுவது, தீயறையை வாரம் ஒருமுறை உறிஞ்சுவது, ஒவ்வொரு டன்னுக்கும் சாம்பல் பொறிகளைத் திறப்பது, வருடத்துக்கு ஒருமுறை பிளோயர், குழாய் உட்பட எல்லாம். வசந்தத்தில் நிறுத்தும்போது ஹாப்பரைக் காலி செய்துவிடுங்கள், கோடையின் ஈரப்பதத்தில் மிச்சம் இருப்பது ஊதும். என்எஃப்ஐ (அடுப்பு வேலை செய்பவர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பு) சான்று பெற்ற டெக்னீஷியனை மே, ஜூனில் கூப்பிடுங்கள். அக்டோபரில் ஊரே கூப்பிடும்.

கறிவேப்பிலைக்குச் சாம்பல் போட வேண்டாம். மரச்சாம்பல் சுண்ணாம்புத் தன்மை உடையது; தொட்டி மண் கொஞ்சம்தான் என்பதால் ஒரு கரண்டியே அதை மாற்றிவிடும். இரும்புச்சத்து ஏறாமல் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். புல்தரைக்கு மெல்லியதாகத் தூவலாம், புளூபெரிச் செடி இருக்கும் பக்கம் வேண்டாம். தொட்டியை அடுப்பின் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள், இலை கொட்டும். தெற்கு ஜன்னல்தான் அதற்கு இடம்.